ஆளில்லாத ஆலையில் ஒரு கதவு

எங்களுக்குப் பின்னால் வாசல் கதவு ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொண்டது. யாரும் அதைத் தொடவில்லை.

எனக்கு மூடிய அறைகள் ஆகாது. லிப்டுக்குப் பயந்து மாடி மாடியாக மூச்சு வாங்க நடப்பவன் நான். கதவைத் திரும்பிப் பார்த்தேன். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஓர் இரும்புத் தகடு.

“சித்தி, இந்தக் கதவுக்குக் கைப்பிடி இல்லை” என்றேன்.

“உனக்கு வாய் இருக்கிற மாதிரி எல்லாத்துக்கும் எல்லாம் இருக்கணுமா? பேசாம வாடா” என்றார் சித்தி.

சித்தி என்றால் சொந்தச் சித்திதான், அம்மாவின் தங்கை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தார். அங்கே பொய்கள் சலித்துப்போனதும் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் அங்கே உதவியாளன், டிரைவர், திட்டு வாங்குகிறவன். நாற்பது வயதில் இதைவிட நல்ல வேலை கிடைக்கவில்லை.

எங்களை உள்ளே விட்டவர் எதிரில் நின்றார். உரத் தொழிற்சாலையில் தலைமை இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ, கக்கத்தில் ஒரு கீபோர்டு. வெளியே கிளம்புகிறவர்கள் குடையை இடுக்கிக்கொள்வது போல அதை இடுக்கிக்கொண்டிருந்தார்.

“போனை அந்தப் பெட்டியில போட்டுடுங்க. பிளான்ட்டுக்குள்ள போன் கூடாது.”

“இது வீடுங்களே சார்” என்றேன்.

“உங்க கண்ணுக்கு” என்றார்.

போன்களைப் போட்டோம். அவர் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்ட, ஹாலுக்கான கதவு திறந்தது. நாங்கள் நுழைந்ததும் மூடிக்கொண்டது. எனக்கு வியர்த்தது.

இந்த மனிதரைக் காப்பாற்றத்தான் நாங்கள் வந்திருந்தோம்.

காலையில் அலுவலகத்துக்கு ஓர் அம்மாள் வந்தார். துறைமுகங்களுக்குக் கிரேன் வடிவமைத்து ஓய்வு பெற்றவர். நட்பு வட்டத்தில் ‘கிரேன் அம்மா’ என்றே பெயராம். நாற்காலியில் உட்காருமுன் அதன் நாலு காலையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

“என்கூட விளையாடறவரை யாரோ அடைச்சு வெச்சிருக்காங்க” என்றார்.

“கண்ணாமூச்சியா?” என்றேன். சித்தி பேனாவால் என் முழங்கையைக் குத்தினார்.

கிரேன் அம்மா லேப்டாப்பைத் திறந்து காட்டினார். திரை முழுக்கப் பெல்ட்டுகள், உலைகள், குழாய்கள், தண்டவாளங்கள். எறும்புப் புற்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போலிருந்தது.

“வீடியோ கேம்தான். முதல்ல வெறும் நிலம். தாதுவைத் தோண்டணும், உருக்கணும், பல்சக்கரம் செய்யணும், அந்தச் சக்கரத்தை வெச்சு அடுத்த மிஷினைச் செய்யணும். நானும் அவரும் ரிடையர் ஆனதுலேர்ந்து ஒரே நிலத்துல சேர்ந்து கட்டறோம்.”

“கட்டி முடிச்சதும்?”

“இன்னும் பெருசாக் கட்டணும்.”

“இதுக்குப் பேரு ஓய்வுங்களா?”

“மேலதிகாரி கையெழுத்துக்குக் காத்திருந்தே காலத்தை ஓட்டினவங்களுக்கு இதுதான் தம்பி ஓய்வு. இங்க யாரும் ஃபைலைத் திருப்பி அனுப்பறதில்லை.”

அவர் படத்தைப் பெரிதாக்கினார். நிலத்தில் அவர் கட்டும் பகுதியில் சரக்கு ரயில்கள் நின்று நின்று போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு நிறுத்தத்தின் ஓரத்திலும் ஒரு கதவு நின்றது. சுவர் இல்லை, கூரை இல்லை. வெட்டவெளியில் வெறும் கதவு.

“நான் கட்டலை. இந்த நிலத்துல நாங்க ரெண்டே பேர்தான், அப்போ அவர்தான் கட்டியிருக்கணும். தினமும் மத்தியானம் ஒண்ணு முளைக்குது. இந்த விளையாட்டுல மனுஷங்களே கிடையாது. ஆளில்லாத ஆலையில கதவு எதுக்கு? நானும் மூளையைக் கசக்கிப் பாத்தேன். வெளிய வர முடியாதவங்கதான் கதவு கதவா கட்டுவாங்க.”

“அவர்கிட்டயே கேட்டீங்களா?” என்றார் சித்தி.

“பக்கத்துல யாராவது நின்னு பாத்துட்டா? முன்னல்லாம் மைக்ல மணிக்கணக்காப் பேசுவார். இப்ப ரெண்டு வார்த்தை டைப் அடிக்கறதோட சரி. நல்ல மனுஷன்மா. எதைக் கட்டினாலும் முதல்ல சிவப்பா ஒரு எமர்ஜென்சி ஸ்டாப் வெச்சுட்டுத்தான் அடுத்த வேலை. கரண்ட் உள்ள வர்ற இடத்துக்குப் பக்கத்துல, முழங்கால் உயரத்துல. ஏன் இவ்ளோ கீழன்னு கேட்டேன். கீழ விழுந்து கிடக்கிறவனுக்கும் கை எட்டணும்னார். விளையாட்டுல எவன் விழறான், சொல்லுங்க. அப்பேர்ப்பட்டவரை அடைச்சு வெக்க யாருக்கு மனசு வரும்?”

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். சித்தி உடனே கிளம்பிவிட்டார். ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு பற்றிப் பத்திரிகையில் எழுதுவதாகப் போனில் ஒரு பொய். அவர் உடனே வரச் சொல்லிவிட்டார்.

அந்த அப்பேர்ப்பட்டவர் இப்போது எங்களை ஹாலைத் தாண்டி நடத்திக்கொண்டு போனார். ஜன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. ஏசி ஓடும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. சுவரில் ஒரே ஒரு புகைப்படம். பேருந்துப் படிக்கட்டில் ஓர் இளம்பெண், தோளில் தோல் பை, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இது யாரு சார்?” என்றார் சித்தி.

“என் வீட்டுக்காரம்மா. பஸ்ல கண்டக்டரா இருந்தா. இப்ப எல்லாம் மறந்துபோச்சு. மறதி நோய். நாளைக்கு ஒரு இல்லத்துல கொண்டுபோய்ச் சேர்க்கறேன். அங்க நல்லாப் பாத்துக்குவாங்க. பூட்டும் நல்ல பூட்டு.”

கடைசி வார்த்தையை அவர் பெருமையாகச் சொன்னது எனக்கு உறுத்தியது. ஆனால் பாவம், யாருடைய மிரட்டலில் பேசுகிறாரோ என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

கம்ப்யூட்டர் அறையில் மூன்று பெரிய திரைகள். அவர் உட்கார்ந்ததும் அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது. எந்தப் பெல்ட்டில் எது ஓடுகிறது, எந்த உலைக்குக் கரி குறைகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு பெல்ட் சிக்கிக்கொண்டது. அவர் ஒரே ஒரு துண்டைத் திருப்பி வைத்தார், எல்லாம் மறுபடி ஓடியது.

“நிஜ பிளான்ட்ல இதுக்கு மூணு மீட்டிங் போடுவாங்க. ரிடையர் ஆன அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உக்காந்தேன். ஒருத்தன் என்கிட்ட வந்து ‘அடுத்து என்ன சார்’னு கேக்கலை. மூச்சு முட்டிச்சு. இதுதான் என்னைக் காப்பாத்துச்சு.”

அதைச் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் இரக்கம் பொங்கியது.

அவர் பட்டனைத் தட்ட, பக்கத்துக் கதவு திறந்து அவர் மனைவி தண்ணீர் கொண்டு வந்தார். புகைப்படத்தில் இருந்த அதே முகம், தலை நரைத்திருந்தது. தம்ளரை என்னிடம் நீட்டியவர் அதை உடனே விடவில்லை. நானும் பிடித்தேன், அவரும் பிடித்திருந்தார். மறதி நோய் என்று நினைத்துப் பிடுங்காத குறையாக வாங்கிக் குடித்தேன். சித்தி என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் நின்றதையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்களை அகட்டி, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, ஓடும் பேருந்தில் நிற்பது போல நின்றார் அவர்.

அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. பெரியவர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

“சார், பயப்படாதீங்க. அந்தக் கதவுகளைப் பாத்துட்டுத்தான் வந்திருக்கோம்.”

சித்தியின் செருப்பு என் காலை மிதித்தது. ஒரு வினாடி தாமதம்.

“எந்தக் கதவு?” என்றார் பெரியவர்.

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை அவருக்கு. மவுஸைப் பிடித்து வரைபடத்தைத் தள்ளினார். தன் பக்கத்தைத் தாண்டி, எல்லையைத் தாண்டி, கிரேன் அம்மாவின் ரயில் நிறுத்தங்களுக்குப் போனார். ஒரு கதவு. அடுத்த நிறுத்தத்தில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னொன்று.

அவர் கோபப்படவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“உனக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாதுன்னு நெனச்சேன்” என்றார்.

அந்த அம்மாள் தண்ணீர்த் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

பெரியவர் கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். நான் குறுக்கே போவதற்குள் வெளியே போய்விட்டார். க்ளிக். பக்கத்துக் கதவும் க்ளிக்.

“நாளைக்கு வர வேண்டிய ஆம்புலன்ஸை இன்னைக்கே வரச் சொல்றேன்” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. பதற்றமே இல்லாத குரல். “அவ போனப்புறம் நீங்க போகலாம். பத்திரிகைன்னு பொய் சொல்லி வீட்டுக்குள்ள நுழைஞ்சவங்க நீங்க. யார் பேச்சு எடுபடும்னு அப்ப பாத்துக்கலாம்.”

நான் கதவை உதைத்தேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் கால் வலித்தது. தோளால் இடித்தேன். அறையின் சுவர்கள் நாலும் என்னை நோக்கி நகர்ந்து வந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது.

“உக்காரு” என்றார் சித்தி. “தப்பான ஆளைக் காப்பாத்த வந்தோம்டா.”

“இப்பத்தான் தெரிஞ்சுதா?”

“போட்டோவைப் பாத்ததும் சந்தேகம். அவர் ‘எந்தக் கதவு’ன்னதும் முடிவாயிடுச்சு. இன்ஜினியர் கதவு வெச்சா சுவத்துல வெப்பார். வண்டி நிக்கிற இடத்துல எல்லாம் கதவு வெக்கறவங்க வேற ஆளு.” சித்தி அந்த அம்மாளிடம் திரும்பினார். “இல்லீங்களா?”

அவர் தட்டை மேஜை மேல் வைத்தார். பேசியபோது குரல் கணீரென்று இருந்தது. கூட்டத்தில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கக்கூடிய குரல்.

“கிரேன் அம்மா அனுப்பினாங்களா? அவங்க பேசறதைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டிருக்கேன். ‘வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா’ன்னு கேப்பாங்க. தூங்கறான்னு சொல்லிடுவார். என் குரல் மைக்ல விழுந்துடுமோன்னு பேசறதையே நிறுத்திட்டார்.”

“எப்பலேர்ந்து இப்படி?”

“ரிடையர் ஆகி வந்தவருக்கு மேய்க்க ஆளில்லை, நான்தான் மிச்சம். முதல்ல அடுப்பு எப்ப எரியணும்னு டைமர் வெச்சார். அப்புறம் குளிக்கத் தண்ணி. சரி, ஆசைக்குச் செய்யட்டும்னு விட்டேன். ஒரு நாள் டிப்போவுல என்கூட வேலை பாத்தவங்களைப் பாக்கப் போனேன். பேச்சு சுவாரசியத்துல வர இருட்டிப்போச்சு. நான் தொலைஞ்சுபோயிட்டேன்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சுட்டார். அடுத்த வாரம் கதவு மாத்தினார்.”

“ஜன்னல்லேர்ந்து கத்தியிருக்கலாமே” என்றேன்.

“அடைக்கறதுக்கு முன்ன கத்தினேனே. எனக்கு மறதி இல்லை, என்னைப் பூட்டி வெச்சிருக்கார்னு கத்தினேன். பக்கத்து வீட்டுல பாவம்னு தலையாட்டிட்டு உள்ள போயிட்டாங்க. மறதி இல்லைன்னு சொல்லச் சொல்ல மறதின்னுதான் நம்பறாங்க தம்பி. வெளிநாட்டுல இருக்கிற என் பொண்ணு உள்பட.”

அதைக் கேட்டபோது என் அழுகை நின்றுவிட்டது. நான் ஐந்து நிமிஷம் அடைபட்டதற்கே அழுதவன்.

“மத்தியானம் தூங்கப் போறப்போ, இந்த ரூமைப் பெருக்கச் சொல்லி என்னை இங்க வெச்சுப் பூட்டிட்டு, கீபோர்டை எடுத்துட்டுப் போயிடுவார். மவுஸ் இங்கேயே கிடக்கும். எழுத்து அடிக்க வழியில்லை. படங்களைத் தேடிப் பாத்தேன், கதவு ஒண்ணு இருந்துச்சு. அவர் பக்கம் வெச்சா தெரிஞ்சுடும். அந்தம்மா பக்கம் வண்டி நிக்கிற இடமாப் பாத்து வெச்சேன். ஒரு கதவுக்கும் பதில் வரலை. இருந்தாலும் அடுத்த நாள் இன்னொண்ணு வெப்பேன்.” அவர் மூடிய கதவைப் பார்த்தார். “அந்த இல்லத்துக்குள்ள போயிட்டா முடிஞ்சுது. அங்க இருக்கிற எல்லாருமே எனக்கு மறதி இல்லைன்னுதான் சொல்லுவாங்களாம். அவரே சொன்னார், சிரிச்சுக்கிட்டே.”

தூரத்தில் பெரியவர் போனில் யாரிடமோ முகவரி சொல்வது கேட்டது.

சித்தி எழுந்து அறையைச் சுற்றி வந்தார். கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு என்னிடம், “இந்த ரூமுக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது?” என்றார்.

“சித்தி, இப்ப கரண்ட் பில்லா முக்கியம்?”

“கிரேன் அம்மா என்ன சொன்னாங்க? எதைக் கட்டினாலும் ஸ்டாப் வெச்சுட்டுத்தான் அடுத்த வேலைன்னு. ஆளே இல்லாத விளையாட்டுல, விழாத ஆளுக்குக் கை எட்டணும்னு கீழ வெச்ச மனுஷன் அவர். இந்த வீடும் அவர் கட்டின மிஷின்தானே. ஸ்டாப் இல்லாம அவரால கட்ட முடியுமா? கை ஓடாது. கரண்ட் நின்னா இந்தப் பூட்டெல்லாம் தானா விட்டுடும்.”

நான் தரையில் மண்டியிட்டேன். தடித்த கேபிள் ஒன்று சுவரைத் துளைத்து உள்ளே வந்து இரும்பு அலமாரியின் பின்னால் போனது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், சரியாக முழங்கால் உயரத்தில், ஒரு சின்னப் பெட்டி. மேலே மண்டையோடும் மின்னலும் போட்ட அபாயக் குறி.

“அதைத் தொடாதீங்க” என்றார் அந்த அம்மாள் அவசரமாக. “தொட்டா ஆளையே தூக்கி அடிக்கும்னு சொல்லியிருக்கார். நான் அதைச் சுத்தித்தான் பெருக்குவேன்.”

என் கை பின்வாங்கியது. சித்தி என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்து மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்பாக, உள்ளங்கை அளவுக்கு, காளான் மாதிரி ஒரு பட்டன்.

மூவரும் அதையே பார்த்தோம். தினமும் அந்த அம்மாளின் துடைப்பம் போய்த் திரும்பிய இடம் அது. கை நீட்டினால் எட்டும் தூரம்.

சித்தி அமுக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்.

“நீங்களே அமுக்குங்க” என்றார்.

அவர் தரையில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். ஒரு நிமிஷம் பட்டன் மேல் கையை வைத்தபடி இருந்தார். “இதையும் இவர்தான் வெச்சார், இல்லை?” என்றார் மெதுவாக. பிறகு அமுக்கினார்.

மூன்று திரைகளும் அணைந்தன. ஏசி பெருமூச்சு விட்டு நின்றது. அடுத்து அந்தச் சத்தம் கேட்டது. இந்தக் கதவு, பக்கத்துக் கதவு, ஹால், சமையலறை, வாசல் என்று வரிசையாக க்ளிக், க்ளிக், க்ளிக். அன்று முழுக்க என்னைப் பயமுறுத்திய அதே சத்தம்தான். இப்போது கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது.

கதவு தானாக ஓர் அங்குலம் விலகியது. அதைத் தள்ளிக்கொண்டு பெரியவர் ஓடி வந்தார். நான் கையை மடக்கிக்கொண்டு தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்த மனைவியையும் பார்க்கவில்லை. அவரைத் தாண்டிப் போய்த் திரை முன்னால் நின்றார்.

“சேவ் பண்ணலை” என்றார். “காலையிலேர்ந்து கட்டினது எதையும் சேவ் பண்ணலை.” இருட்டுத் திரையைக் கையால் தடவினார். கீபோர்டின் பட்டன்களைத் திரும்பத் திரும்பத் தட்டினார். எந்தக் கதவும் மூடவில்லை.

நாங்கள் ஹாலைத் தாண்டி நடந்தோம். சித்தி பெட்டியிலிருந்து தன் போனை எடுத்துப் போலீசுக்கு அடித்தார். நான் முதல் ஆளாக வாசலைத் தாண்டித் தெருவில் குதித்தேன், மரியாதை பார்க்கும் நிலையில் நான் இல்லை. பேசிக்கொண்டே சித்தியும் வெளியே வந்தார்.

அந்த அம்மாள் மட்டும் வாசற்படியில் நின்றுவிட்டார். ஒரு கை கதவைப் பிடித்திருந்தது. தெருவெளிச்சம் பட்டுக் கண்ணைச் சுருக்கினார்.

“வாங்கம்மா, என்ன யோசனை?” என்றேன்.

“யோசனை ஒண்ணுமில்லை. எல்லாரும் இறங்கினப்புறம்தான் நான் இறங்குவேன். பழக்கம்.”

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். திறந்த கதவுகள் வரிசையாக இருந்ததால் கடைசி அறை வரைக்கும் தெரிந்தது. பெரியவர் இருட்டில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கடைசி ஸ்டாப்புங்க. நீங்க இறங்கலையா?” என்று அந்தக் கணீர்க் குரலில் கேட்டார்.

அவர் திரும்பவில்லை. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு படியிறங்கி வந்தார், கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு.